கே-மேப்பும் ஒரு பெருக்கல் குறியும்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். கணக்கு வரும், ஆனா கடிக்காது. ஆணி அதிகமா இருக்கறவங்க புக்மார்க் பண்ணி வச்சுட்டு ராத்திரி வந்து படிங்க.

இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷத்துல டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படிச்ச எல்லாருக்கும் கே-மேப் ஞாபகம் இருக்கும். பதினாறு கட்டம் போட்டு, உள்ளே ஒண்ணும் பூஜ்யமும் நிரப்பி, பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஒண்ணுகளை ரெண்டு, நாலு, எட்டுன்னு வளைச்சு வட்டம் போடறது. எங்க கிளாஸ்ல அதுக்குப் பேரு 'கோலம்'. மார்கழி மாசம் மாதிரி எல்லா இன்டர்னல்லயும் ஒரு கோலம் உண்டு, போட்டா 13 மார்க் நிச்சயம். கட்டத்துக்கு மேல 00, 01, 11, 10-னு எழுதறோமே, 01-க்கு அப்புறம் 10 தானே வரணும்னு ஒருத்தன் எழுந்து கேட்டான். "அப்படித்தான் எழுதணும், எழுது"ன்னு பதில் வந்துச்சு. எழுதினோம். பாஸும் ஆயிட்டோம்.

அந்தக் கட்டங்கள்ல சிலதுல ஒண்ணும் போடாம, பூஜ்யமும் போடாம, ஒரு பெருக்கல் குறி போடுவோம். அதுக்குப் பேரு 'டோன்ட் கேர்'. இந்த இன்புட் வரவே வராது, அதனால விடை என்னவா இருந்தாலும் பரவாயில்லைன்னு அர்த்தம். வட்டம் பெருசாகணும்னா அதை ஒண்ணா வச்சுக்கலாம், வேண்டாம்னா பூஜ்யம். மாணவர்களுக்கு அது இலவச இணைப்பு மாதிரி. அந்த ஒரு குறியால போன வருஷம் எனக்குச் சில ராத்திரி தூக்கம் போச்சு. அந்தக் கதையைக் கடைசியில சொல்றேன். அது முழுசா புரியணும்னா முதல்ல கொஞ்சம் வரலாறு வேணும்.

மதுரைக்காரரும் லிங்கன் ஊர்க்காரரும்

கதையில முதல் ஆள் நம்ம ஊர்ல பொறந்தவர். டிமார்கன் விதின்னு படிச்சோமே, அந்த அகஸ்டஸ் டிமார்கன் 1806-ல் பொறந்தது மதுரையில! அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில அதிகாரி. பொறந்த கொஞ்ச நாள்லயே வலது கண் பார்வை போயிடுச்சு. ஏழு மாசக் குழந்தையா இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போயிட்டதால, மதுரைக்காரர்னு நாம சொந்தம் கொண்டாடினா கொஞ்சம் ஓவர்தான். இருந்தாலும் கொண்டாடுவோம் :-)

இரண்டாவது ஆள் ஜார்ஜ் பூல். (பேரைத் தமிழ்ல எழுதினா கடைசி பெஞ்ச் சிரிக்கும். அதனால இனிமே ஜார்ஜ்னே சொல்றேன்.) 1815-ல் லிங்கன் ஊர்ல ஒரு செருப்புத் தொழிலாளிக்கு மகனாப் பொறந்தவர். காலேஜ் பக்கமே போகல, தானா படிச்சார், வாத்தியார் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாத்தினார். டிமார்கனோட நெருங்கிய நண்பர். 1847-ல் ரெண்டு பேரும் ஆளுக்கொரு தர்க்கப் புத்தகம் போட்டாங்க. 1849-ல் ஜார்ஜ் டிகிரி இல்லாமலே அயர்லாந்துல கார்க் ஊர்ல பேராசிரியர் ஆனார். 1854-ல் அவரோட பெரிய புத்தகம் வந்துச்சு.

அவர் பிடிச்ச விஷயம் ரொம்ப எளிமை. 'வெள்ளை மாடு'ன்னு சொன்னாலும் 'வெள்ளை வெள்ளை மாடு'ன்னு சொன்னாலும் தொழுவத்துல நிக்கறது அதே மாடுதான். அதாவது அ × அ = அ. சாதாரண எண்கள்ல இந்த விதி பொருந்தறது ரெண்டே ரெண்டுக்குத்தான்: பூஜ்யம், ஒண்ணு. அந்த ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' மூணையும் கணக்கா எழுதிடலாம்னு காட்டினார். 1864-ல் மழையில நனைஞ்சுக்கிட்டே நடந்து போய் ஈரத் துணியோட பாடம் எடுத்து, காய்ச்சல் வந்து, 49 வயசுல இறந்து போனார். மின்சார பல்பு வீட்டுக்கு வராத காலம். தன் கணக்கு சர்க்யூட்டுக்கு உதவும்னு அவர் கனவு கூட கண்டிருக்க முடியாது.

(அவர் மனைவி மேரி, எவரெஸ்ட் மலைக்குப் பேர் குடுத்த ஜார்ஜ் எவரெஸ்டோட தம்பி மகள். அந்த எவரெஸ்ட் தலைமை தாங்கின நில அளவை 1802-ல் தொடங்கினது நம்ம பரங்கிமலைப் பக்கத்துல. உலகம் ரொம்பச் சின்னது சாமி.)

ரிலேவும் ஷானனும்

அதுக்கப்புறம் எழுபது வருஷத்துக்கு மேல இந்தக் கணக்கு பெரும்பாலும் தத்துவக்காரங்க, கணிதக்காரங்க கையிலேயே இருந்துச்சு. இன்னொரு பக்கம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் வளர்ந்துக்கிட்டே போச்சு. உள்ளே எல்லாம் ரிலே. கரண்ட் வந்தா காந்தம் இழுக்கும், ஒரு கான்டாக்ட் மூடும் அல்லது திறக்கும். அவ்வளவுதான். ஆனா ஆயிரக்கணக்கான ரிலேவைக் கோத்து ஒரு எக்ஸ்சேஞ்ச் கட்டறது அனுபவசாலிகளோட கைவேலையா இருந்துச்சு. இந்த கான்டாக்ட்டை எடுத்துட்டா வேலை செய்யுமா செய்யாதான்னு தெரியணும்னா, எடுத்துப் பாக்கறதைத் தவிர பெருசா வழி இல்லை.

1937-ல் எம்ஐடியில கிளாட் ஷானன்னு 21 வயசுப் பையன். அங்கே வன்னெவர் புஷ் கட்டின ஒரு பெரிய கணக்குப்போடற மெஷினைப் பாத்துக்கற வேலை. அதோட கட்டுப்பாட்டுப் பகுதியில நூறுக்கும் மேல ரிலே. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல படிக்கும்போது ஒரு தத்துவ கிளாஸ்ல ஜார்ஜோட கணக்கைப் பாத்திருந்தார். ரெண்டும் தலைக்குள்ளே சேர்ந்துச்சு. கான்டாக்ட்டை வரிசையா கோத்தா 'மற்றும்', பக்கத்துப் பக்கத்துல கோத்தா 'அல்லது'. அவரோட மாஸ்டர்ஸ் ஆய்வு இதுதான், 1938-ல் அச்சாச்சு.

நம்ம வீட்டு மோட்டாரை வச்சுச் சொல்றேன். கீழ்த்தொட்டியில தண்ணி இருந்தா க. மேல்தொட்டி காலியா இருந்தா ம. அம்மா கையால போடற சுவிட்ச் ச. மோட்டார் ஓட வேண்டிய நேரங்கள் மூணு: தண்ணி இருக்கு, மேல காலி, சுவிட்ச் போடல, தண்ணி இருக்கு, மேல காலி, சுவிட்சும் போட்டாச்சு, தண்ணி இருக்கு, மேல காலி இல்லை, ஆனா அம்மா சுவிட்ச் போட்டுட்டாங்க. (கடைசி கேஸ்ல தொட்டி வழியும். ஆனா அம்மாவை எதிர்த்து சர்க்யூட் போட முடியுமா?)

தலைமேல ஒரு கோடு போட்டா 'இல்லை'ன்னு வச்சுக்குவோம். அப்படியே எழுதினா: கமச′ + கமச + கம′ச. ஒன்பது கான்டாக்ட். முதல் ரெண்டுலயும் ச இருந்தா என்ன இல்லைன்னா என்ன, விடை ஒண்ணுதான், அதனால ச-வைத் தூக்கிடலாம்: கம. நடுவுல இருக்கறதையே இன்னொரு தடவை எடுத்து மூணாவதோட சேர்த்தா ம போயிடும்: கச. ஆக, கம + கச. இன்னும் சுருக்கினா க(ம + ச). மூணே கான்டாக்ட்! ஒன்பது எங்கே, மூணு எங்கே. கான்டாக்ட் ஒவ்வொண்ணும் காசு, இடம், என்னைக்காவது ஒரு நாள் தூசி படிஞ்சு மக்கர் பண்ணப் போற ஒரு புள்ளி. சுருக்கறதுங்கறது பரீட்சை விளையாட்டு இல்லை, பில்லுல குறையற பணம்னு எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்தப்பதான் உறைச்சுது.

ஷானனுக்கு மட்டும்தான் தோணிச்சான்னா, இல்லை. ஜப்பான்ல என்ஈசி இஞ்சினியர் அகிரா நகஷிமா 1930-களின் நடுவுலேயே ரிலே சர்க்யூட்டுக்கு இதே மாதிரி கணக்கை உருவாக்கி எழுதிட்டார். மாஸ்கோவுல விக்டர் ஷெஸ்டகோவ் 1935-லேயே இதைச் சொல்லி, அச்சுல வந்தது 1941-ல். அவங்க ரெண்டு பேரு பேரும் எங்க சிலபஸ்ல இல்லை.

கோலத்தின் கதை

கணக்குக் கிடைச்சாச்சு. ஆனா அதுல ஒரு சிக்கல். மேலே 'நடுவுல இருக்கறதையே இன்னொரு தடவை எடுத்து'ன்னு சொன்னேனே, அது எப்படித் தோணும்? அனுபவம் இருந்தா தோணும், இல்லைன்னா தோணாது. அதைவிடப் பெரிய சிக்கல், இதுக்கு மேல சுருங்காதுன்னு எப்போ நிறுத்தறது?

1952-ல் ரெண்டு பேர் இதைத் தொட்டாங்க. ஒருத்தர் ஹார்வர்ட் தத்துவப் பேராசிரியர் குவைன். அவர் இதைத் தர்க்கக் கேள்வியாத்தான் பாத்தார். இன்னொருத்தர் எட்வர்ட் வீச், படம் போட்டுச் சுருக்கற வழியை அந்த வருஷம் பிட்ஸ்பர்க் மாநாட்டுல சொன்னார். அடுத்த வருஷம், 1953-ல், பெல் லேப்ஸ்ல இருந்த மாரிஸ் கார்னா அந்தக் கட்டங்களை வேற மாதிரி அடுக்கினார். அதுதான் நம்ம கே-மேப்.

எங்க கிளாஸ் பையன் கேட்ட கேள்விக்கு பதில் இங்கேதான் இருக்கு. 01-லிருந்து 10-க்குப் போனா ரெண்டு எழுத்து மாறுது. 01-லிருந்து 11-க்குப் போனா ஒண்ணே ஒண்ணுதான் மாறுது. ரெண்டு கட்டம் ஒட்டி இருந்தா, அதுல ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்கணும். அப்பதான் 'ச இருந்தா என்ன இல்லைன்னா என்ன'ங்கறது கண்ணுக்குப் பட்டுனு தெரியும். கணக்குல மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்க வேண்டியதை, பக்கத்துக் கட்டம்ங்கற விஷயமா மாத்திட்டார். இந்த வரிசைக்கு கிரே கோடுன்னு பேரு, அதே பெல் லேப்ஸ்ல ஃப்ராங்க் கிரே 1947-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சது. ஒரே ஒரு வரி பதில். அதை அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா எங்க அறுபது பேருக்கும் புரிஞ்சிருக்கும்.

இன்னொரு வேடிக்கை. கட்டம் போட்டுத் தர்க்கத்தைக் காட்டற படத்தை 1881-லேயே ஆலன் மார்குவாண்ட்னு ஒரு அமெரிக்கர் அச்சுல போட்டிருக்கார். அவர் அதுக்கப்புறம் பிரின்ஸ்டன்ல கலை வரலாறு சொல்லிக்குடுக்கப் போயிட்டார். சுவிட்சை வச்சு தர்க்கம் பண்ணலாம்னு அவரோட ஆசிரியர் சார்லஸ் பியர்ஸ் 1886-ல் அவருக்கு ஒரு கடிதமே எழுதியிருக்கார். ஷானனுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி! கார்னா 2022-ல், 98 வயசுல காலமானார். நான் செமஸ்டர்ல கோலம் போட்டுக்கிட்டு இருந்தப்ப அதைக் கண்டுபிடிச்சவர் உயிரோட இருந்திருக்கார்ங்கறதே எனக்கு அப்பத்தான் தெரியும்.

கோலம் நாலு, அஞ்சு இன்புட் வரைக்கும் அழகு. அதுக்கு மேல கண்ணு கட்டும். 1956-ல் எட்வர்ட் மெக்ளஸ்கி, குவைன் சொன்னதை எடுத்து பட்டியல் முறையா ஆக்கினார். ஒண்ணு வர்ற வரிசைகளை எல்லாம் எழுதணும். ஒரே ஒரு எழுத்துல வித்தியாசப்படற ஜோடிகளைச் சேர்க்கணும். சேர்த்ததை மறுபடி சேர்க்கணும். இனிமே சேராதுன்னு நிக்கறதுங்கள்ல இருந்து, எல்லா ஒண்ணையும் மூடற மாதிரி குறைஞ்சதைப் பொறுக்கணும். இதுக்குக் கண்ணு வேண்டாம், பொறுமை போதும். அதாவது கம்ப்யூட்டர் போதும்.

போதுமான்னா, அதுவும் முழுசா போதாது. நாலு இன்புட்டுக்கு மொத்தம் 65,536 விதமான சார்புகள். அஞ்சுக்கு 429 கோடியைத் தாண்டுது. இன்புட் கூடக் கூட, சேர்த்து நிக்கற துண்டுகளோட எண்ணிக்கையே வெடிச்சுடும். மிகச் சிறியதைத் தேடினா ஆயுசு போதாது. அதனால 'மிகச் சிறியது வேண்டாம், போதுமான அளவு சின்னதா இருந்தா சரி'ன்னு இறங்கி வந்தாங்க. ஐபிஎம்மும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கின எஸ்பிரஸ்ஸோ அந்த வகை, 1984-ல் புத்தகமாவே வந்துச்சு. இன்னைக்கு சிப் டிசைன் மென்பொருள்கள்ல ஓடற பல வழிகளுக்கு அது ஒரு மூதாதை.

பரவாயில்லைன்னு விட்ட 105

இப்போ பெருக்கல் குறிக்கு வருவோம். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச அழகான உதாரணம் 6502.

1975-ல் எம்ஓஎஸ் டெக்னாலஜி இந்த பிராசசரை 25 டாலருக்கு வித்தாங்க. மோட்டரோலாவை விட்டு வந்த சக் பெடில், பில் மென்ச் கோஷ்டி கட்டினது. அந்த நேரத்துல மோட்டரோலாவோட 6800 பல மடங்கு விலை. ஆப்பிள் 2-வுல இருந்தது 6502, காமடோர் 64-லயும் அட்டாரி 2600-லயும் அதோட தம்பிகள். விலை குறையணும்னா சிப் சின்னதா இருக்கணும், சிப் சின்னதா இருக்கணும்னா ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் எண்ணி வைக்கணும். மொத்தமே சுமார் 3,500 தான். வரைபடம் கையால வரைஞ்சது.

ஒரு ஆணைக்கு எட்டு பிட். ஆக 256 விதம் வரலாம். அவங்க கையேட்டுல சொன்னது 151. மீதி 105? வராது, யாரும் எழுத மாட்டாங்க, பரவாயில்லை. பெருக்கல் குறி. ஆணையைப் பிரிச்சுப் பாக்கற பகுதி 130 வரிசை உள்ள ஒரு வலை. எந்த வரிசை எதைப் பாக்கத் தேவையில்லையோ அதைப் பாக்காம விட்டாங்க.

அந்த 105-ஐ யாராவது குடுத்தா என்ன ஆகும்? சிப் 'தப்பு'ன்னு சொல்லாது, ஏன்னா தப்புன்னு சொல்லவும் டிரான்சிஸ்டர் வேணும். ஏதோ ஒண்ணு பண்ணும். 10100101 குடுத்தா மெமரியில இருக்கற எண்ணை ஒரு பெட்டியில ஏத்தும். 10100110 குடுத்தா இன்னொரு பெட்டியில ஏத்தும். கடைசி ரெண்டு பிட்டும் ஒண்ணா இருக்கற 10100111? கையேட்டுல கிடையாது. ஆனா குடுத்தா ரெண்டு பெட்டியிலயும் ஒரே நேரத்துல ஏத்தும்! ரெண்டு ஆணைக்கான வரிசைகளும் சேர்ந்தே விழிச்சுக்குது. கேம் எழுதற பசங்க இதைக் கண்டுபிடிச்சு வேகத்துக்காகப் பயன்படுத்தினாங்க. அதே 105-ல 12 ஆணைகள் பிராசசரை அப்படியே உறைய வச்சுடும், ரீசெட் பண்ணினாதான் எழுந்திரிக்கும். பின்னால வந்த 65சி02-வுல இந்த மாதிரி ஆணைகள் எல்லாம் ஒண்ணும் பண்ணாதபடி மாத்தினாங்க.

சுருக்கறதுக்கு இன்னொரு விலையும் உண்டு. டேவிட் ஹஃப்மன் (ஆமா, அதே ஹஃப்மன் கோடுதான்) 1957-ல் எழுதினது. அஆ + அ′இ-ன்னு ஒரு சர்க்யூட். ஆ, இ ரெண்டும் ஒண்ணா இருந்தா, அ எதுவா இருந்தாலும் விடை ஒண்ணுதான். ஆனா அ ஒண்ணுலேருந்து பூஜ்யத்துக்கு மாறற நொடியில, அ′ வந்து சேர கொஞ்சம் தாமதம் ஆகும். அந்த இடைவெளியில விடை ஒரு தடவை பூஜ்யத்துக்குச் சறுக்கிட்டு எழுந்திரிக்கும். இதைத் தடுக்க ஆஇ-ங்கற, கணக்குப்படி தேவையே இல்லாத ஒரு துண்டை வேணும்னே சேர்க்கணும். கே-மேப்ல அதுக்கு வட்டம் போட்டா 'ரிடண்டன்ட்'னு மார்க் குறைப்பாங்க. நிஜ சர்க்யூட்ல அதுதான் காப்பாத்தும்.

என் கதை

நான் பொட்டி தட்டறது ஒரு டெலிவரி சம்பந்தப்பட்ட மென்பொருள்ல. போன வருஷம் ஒரு பழைய ஃபங்ஷன் கைக்கு வந்துச்சு. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் குடுக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது. நாப்பது வரி இஃப்-எல்ஸ். எழுதினவர் வேலையை விட்டுப் போயாச்சு, கமென்ட் ஒண்ணும் இல்லை. எனக்கு காலேஜ் ஞாபகம் வந்துச்சு. பேப்பர் எடுத்துக் கோலம் போட்டேன்.

பணம் கட்டியாச்சு: ப. ரத்து பண்ணியாச்சு: ர. டெலிவரி ஆயாச்சு: ட. பணம் திரும்பிப் போக வேண்டியது பரட′. பரட-வுக்குன்னு ஒரு கிளை இருந்துச்சு, அது எதுவும் பண்ணாம ஒரு மனுஷர் பாக்கட்டும்னு நிறுத்தி வைக்கும். ஆனா ரத்தான ஆர்டர் டெலிவரி ஆகாதுன்னு டாக்குமென்ட்ல தெளிவா எழுதியிருக்கு. அப்போ அந்தக் கட்டத்துக்குப் பெருக்கல் குறி. வட்டம் பெருசாச்சு, ட போயிடுச்சு. மிச்சம்: பர. நாப்பது வரி ரெண்டு வரியாச்சு. டெஸ்ட் எல்லாம் பாஸ், ஏன்னா டெஸ்ட்டும் அதே டாக்குமென்ட்டைப் பாத்து எழுதினது. ரிவ்யூவுல பாராட்டு வேற.

ரெண்டு வாரம் கழிச்சு, சிக்னல் சரியில்லாத ஏரியாக்கள்ல, டெலிவரி பண்றவர் போன்ல 'குடுத்தாச்சு'ன்னு அமுக்கினது சர்வருக்கு வந்து சேரல. ஆப்ல இன்னும் வரலன்னே காட்டினதால, அந்த இடைவெளியில சிலர் ரத்து பண்ணியிருக்காங்க. அப்புறம் சிக்னல் வந்து 'குடுத்தாச்சு'வும் வந்து சேர்ந்துச்சு. வரவே வராதுன்னு நான் குறி போட்ட கட்டம், வந்துடுச்சு. பொருளும் போச்சு, பணமும் திரும்பிப் போச்சு. முப்பதுக்கும் மேல ஆர்டர்.

நஷ்டம் பெருசில்லை. பெருசு வேற. முதல் சந்தேகம் விழுந்தது டெலிவரி பண்ற பசங்க மேல. பொருளை எடுத்துக்கிட்டு பொய்யா அமுக்கிட்டாங்கன்னு ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் டூட்டி குடுக்கல. மூணாவது நாள் லாக்கைத் தோண்டினப்பதான் அது என் ரெண்டு வரின்னு தெரிஞ்சுது. டீம் லீடர் கிட்ட போய்ச் சொன்னேன். அவர் திட்டல. "அது நடக்காதுன்னு யாருப்பா சொன்னா?"ன்னு மட்டும் கேட்டார். டாக்குமென்ட் சொல்லுதுன்னேன். "அதை எழுதினவர் மழையில வண்டி ஓட்டியிருக்காரா?"ன்னார்.

அந்த ரெண்டு பேருக்கும் விட்ட ரெண்டு நாள் காசைக் குடுத்தாங்க. ஒருத்தர் கிட்ட போன்ல பேசி மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், எங்க மேல சந்தேகப்படறது புதுசா என்ன"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

பெருக்கல் குறிக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. 'இது வராது'ங்கறது ஒண்ணு. 'வந்தாலும் நஷ்டமில்லை'ங்கறது இன்னொண்ணு. கே-மேப்புக்கு ரெண்டும் ஒரே குறி. 6502 கட்டினவங்க ரெண்டாவதைத் தெரிஞ்சே போட்டாங்க. மிஞ்சிப் போனா யாரோ ஒருத்தரோட கேம் உறையும், ரீசெட் பண்ணிக்கலாம். நான் முதலாவதை நினைச்சுப் போட்டேன், நஷ்டம் யாருக்குன்னு கேக்கல.

அந்தக் கிளையை மறுபடி எழுதிட்டேன். இந்தத் தடவை கமென்ட்டோட. இன்னும் சுருக்கறேன், சுருக்கறதை விடல, அது ஒரு போதை. ஆனா பெருக்கல் குறி போடறதுக்கு முன்னாடி, அது வந்தா யாருக்கு டூட்டி போகும்னு ஒரு தடவை கேட்டுக்கறேன்.

உங்கள்ல யாராவது இதே மாதிரி 'வராது'ன்னு நினைச்சு மாட்டிக்கிட்டிருந்தா சொல்லுங்க, கொஞ்சம் ஆறுதலா இருக்கும். ஆணி கூப்பிடுது, வர்ட்டா?